ஒரு புள்ளி: பள்ளி நடனப் போட்டிகளில் தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது?

2025 ஜனவரி 8 அன்று திருவனந்தபுரத்தில் நிறைவடைந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் திருச்சூர் மாவட்டம் 1008 புள்ளிகள் பெற்றுத் தங்கக் கோப்பையை வென்றது. பாலக்காடு 1007. ஐந்து நாட்கள், 25 மேடைகள், 249 போட்டிகள் எல்லாம் கடந்து, கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 26 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை திருச்சூருக்குத் திரும்பியது என்பதால் ஊரே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே அந்த ஒரு புள்ளியை யாரும் அதிகம் ஆராயவில்லை. ஆராய்ந்தால் அது விசித்திரமான புள்ளி.

கலோத்சவத்தில் ஏ கிரேடுக்கு 5 புள்ளி, பி கிரேடுக்கு 3, சி கிரேடுக்கு 1. மூன்றும் ஒற்றைப்படை எண்கள். ஒரு மாணவி ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கினால் அவளுடைய மாவட்டம் இழப்பது 2 புள்ளி. பி-யிலிருந்து சி-க்கு இறங்கினாலும் அதே 2. ஆகவே இரண்டு மாவட்டங்களும் ஒரே எண்ணிக்கையில் கிரேடுகள் பெற்றிருந்தால், அவற்றின் மொத்தங்களுக்கு இடையே ஒரு புள்ளி வித்தியாசம் வரவே முடியாது. வந்திருக்கிறது என்றால், கிரேடு கிடைத்த நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையே வேறுபட்டிருக்க வேண்டும். ஏதோ ஒரு மேடையில் ஒரு மாவட்டத்தின் கணக்கில் கிரேடு ஏறியது. இன்னொன்றின் கணக்கில் ஏறவில்லை. யார் மேலாக ஆடினார்கள் என்ற கேள்வியோடு, யாருக்குக் கணக்கே தொடங்கவில்லை என்ற கேள்வியும் கோப்பையின் திசையைத் தீர்மானித்திருக்கிறது.

இளைஞர் நடனப் போட்டிகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் நடுவரின் கண்ணைப் பற்றியே பேசுகிறோம். நடுவர் நேர்மையானவரா, பணம் வாங்கினாரா, கலை தெரிந்தவரா என்றுதான் சண்டை. அந்தக் கண் பார்த்ததை எண்ணாக மாற்றி, எண்ணை இடமாக மாற்றி, இடத்தை அடுத்த மேடைக்கான அனுமதியாக மாற்றும் ஏற்பாட்டைப் பற்றிய பேச்சு குறைவு. குழந்தைகளின் கண்ணீரில் பெரும் பங்கு இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது என்பது என் வாதம். அதற்குக் கேரளத்தின் கலோத்சவத்தையும், கடல் கடந்து அயர்லாந்து நடனப் போட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் பல்லாயிரம் குழந்தைகள் ஆடுகிறார்கள். இரண்டிலும் ஊழல் குற்றச்சாட்டுகள் வெடித்திருக்கின்றன. மதிப்பெண் கணக்கு மட்டும் நேரெதிர்.

முதல் கலோத்சவம் 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நடந்தது. கேரள மாநிலம் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்று அது சிறிய விழா. 1975இல் கோழிக்கோட்டில் மோகினியாட்டமும் கதகளி சங்கீதமும் சேர்க்கப்பட்டன. கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனனின் யோசனையில், 1980களின் நடுவில் 117.5 பவுன் தங்கக் கோப்பை வந்தது. 1986இல் கலாதிலகம், கலாபிரதிபா என்ற பட்டங்கள் வந்தன. முதல் கலாபிரதிபா பின்னாளில் நடிகரான வினீத். மஞ்சு வாரியரும் கலாதிலகமாக இருந்தவர்தான். பட்டம் பெற்ற சிறுமியின் படம் மறுநாள் நாளிதழ்களில் முதல் பக்கத்தில் வரும். அதற்கடுத்த ஆண்டு திரையில் வரக்கூடும். ஒரு பள்ளி விழாவுக்கு இவ்வளவு பெரிய கதவு திறந்துகொண்டால் அதன் முன்னால் கூட்டம் முண்டியடிக்காமல் என்ன செய்யும்? பெற்றோர் நகை அடகு வைத்தார்கள், ஆசிரியர்கள் ஆசிரியர்களோடு மோதினார்கள், மேடையின் பின்புறம் அழுகை வழக்கமானது. 2000களின் நடுவில் அரசு இரண்டு பட்டங்களையும் கைவிட்டது. 2018 திருச்சூர் கலோத்சவத்தில் திருத்திய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களும் போயின. 80 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற எல்லோருக்கும் ஏ கிரேடு; அவ்வளவுதான்.

நல்ல நோக்கம். இதை நான் மனமார மதிக்கிறேன். பதினான்கு வயதுக் குழந்தையிடம் ‘நீ ஏழாவது’ என்று சொல்வதைவிட ‘நீ நன்றாக ஆடினாய்’ என்று சொல்வது எவ்வளவோ மேல். ஆனால் விளைவைக் கணக்கில் பார்க்க வேண்டும். தங்கக் கோப்பைக்குக் கணக்கிடப்படுபவை உயர்நிலைப் பிரிவின் 101 போட்டிகளும் மேல்நிலைப் பிரிவின் 110 போட்டிகளும். போட்டிக்கு ஓர் ஏ கிரேடு என்று கொண்டால் ஒரு மாவட்டம் பெறக்கூடிய உச்சம் 1055. திருச்சூர் உயர்நிலையில் 482, மேல்நிலையில் 526 என்று 1008 பெற்றது. அதாவது உச்சத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல். பாலக்காடும் அப்படியே. மாநில மேடையில் ஏ கிரேடு என்பது ஏறத்தாழ வருகைப் பதிவு ஆகிவிட்டது. நடுவரைக் குறை சொல்ல முடியாது. 80 என்பது ஒரு கோடு. 79 போட்டால் ஒரு மாவட்டமே 2 புள்ளி இழக்கும், ஒரு குழந்தையின் தேர்வுக்கான கிரேஸ் மார்க் குறையும், மறுநாள் கேள்வி வரும். 81 போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மனிதர்களாகப் பிறந்தவர்கள் 81தான் போடுவார்கள்.

போட்டி மறைந்துவிட்டதா என்றால் இல்லை. கீழே இறங்கிவிட்டது. கலோத்சவம் நான்கு அடுக்குகள் கொண்டது: பள்ளி, உபஜில்லா எனப்படும் துணை மாவட்டம், ரெவன்யூ மாவட்டம், மாநிலம். மாநில மேடையில் இடங்கள் இல்லாவிட்டாலும் மாவட்டத்திலிருந்து மேலே போகிறவர் முதலிடம் பெற்ற ஒருவர் மட்டுமே. அங்கே 91க்கும் 90க்கும் இடையே உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்ப்பு சில சமயம் நள்ளிரவுக்குப் பிறகு, ஒரு பள்ளி மைதானத்தில், மூன்று நடுவர்கள் இருபது நடனங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்துக் களைத்த நிலையில் எழுதப்படுகிறது. மாநில விழாவுக்குக் கிடைக்கும் மூத்த கலைஞர்கள், கேமராக்கள், அமைச்சர்கள் எவரும் அங்கே இல்லை. வாசல் மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் மிகக் குறைவு.

அப்பீல் என்ற சொல் கேரளத்தில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்திருப்பதற்குக் காரணம் இதுதான். மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவர் கட்டணம் கட்டி மேல்முறையீடு செய்யலாம். கல்வித் துறை நிராகரித்தால் நீதிமன்றம் போகலாம், லோகாயுக்தா போகலாம். 14 மாவட்டங்களுக்கு 14 போட்டியாளர்கள் ஆட வேண்டிய பரதநாட்டியத்தில் அதைத் தாண்டிய எண்ணிக்கை ஆடும். நிகழ்ச்சி நேரம் நீளும். மாலையில் ஒப்பனை போட்ட குழந்தை பொழுது விடியும் முன் மேடை ஏறும். 2018 திருச்சூர் விழாவின்போது மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரில் போலி அப்பீல் உத்தரவுகள் தயாரிக்கப்பட்டது அம்பலமாகி, நடன ஆசிரியர்கள் கைதானார்கள். குழந்தைகளின் உரிமையைக் காக்கும் அமைப்பின் முத்திரையே குழந்தையை மேடை ஏற்றும் போலிச் சீட்டானது என்பதை எழுதும்போது கை கனக்கிறது. 2022 டிசம்பரில் இத்தகைய அப்பீல் வழக்குகளை விசாரித்த கேரள உயர் நீதிமன்றம், ஆடம்பரச் செலவு ஏழைப் பெற்றோரைக் கடனில் தள்ளும் என்றும், தோல்வியை ஏற்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு என்றும் கவலையோடு சொன்னது. சரியான சொற்கள். ஆனால் தோல்வியை ஏற்க வேண்டுமானால், தோற்றது எதில் என்று தெரிய வேண்டாமா?

இங்கே அயர்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே நடனப் போட்டிக்கு ஃபெஷ் என்று பெயர். இடுப்புக்கு மேல் உடல் அசையாமல் கால்கள் மட்டும் பேசும் அந்த நடனத்தை உலகம் அறிந்தது 1994 யூரோவிஷன் இடைவேளையில் ஆடப்பட்ட ‘ரிவர்டான்ஸ்’ வழியாக. போட்டிகளோ அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தவை. உலகப் போட்டி 1970இல் டப்ளினில் தொடங்கியது. இதன் பெரிய அமைப்பு சிஎல்ஆர்ஜி என்ற ஆணையம். ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவது அதுதான். மேடையில் பெரும்பாலும் இருவர் அல்லது மூவர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஆசிரியர் கற்பித்த அடவுகளை ஆடுவதால் நடுவரின் கண் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு நடுவரும் 100க்கு மதிப்பெண் போடுகிறார். ஆனால் அந்த மதிப்பெண்கள் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. அந்த நடுவரின் பட்டியலில் முதலாவது யார், இரண்டாவது யார் என்று வரிசைப்படுத்தி, வரிசைக்கு ஏற்ப ‘ஐரிஷ் புள்ளி’ கொடுக்கிறார்கள். முதலிடத்துக்கு 100, இரண்டாவதுக்கு 75, மூன்றாவதுக்கு 65, நான்காவதுக்கு 60, ஐந்தாவதுக்கு 56, பிறகு 53, 50 என்று இறங்கிப் போகும். இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு நடுவர் கையைச் சுருக்கி, எல்லோருக்கும் 84இலிருந்து 88க்குள் போடுகிறார். இன்னொருவர் 60இலிருந்து 95 வரை விரித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகக் கூட்டினால் விரித்துப் போடுகிறவரின் விருப்பமே முடிவாகிவிடும். மற்றவர் வந்தும் வராததுபோல்தான். வரிசையாக மாற்றிவிட்டால் எல்லா நடுவருக்கும் சம எடை. நம் ஊர்ப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் இன்றுவரை பெரும்பாலும் மூன்று தாள்களை வைத்துக் கூட்டிவிடுகிறோம்; இந்தக் கோளாறு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே 25 புள்ளிப் பள்ளம் இருப்பதைக் கவனியுங்கள். மூன்று நடுவர்கள். ஒரு சிறுமியை ஒருவர் முதலாவதாகவும் மற்ற இருவர் நான்காவதாகவும் வைக்கிறார்கள்: 100, 60, 60, மொத்தம் 220. இன்னொரு சிறுமியை இருவர் இரண்டாவதாகவும் ஒருவர் மூன்றாவதாகவும் வைக்கிறார்கள்: 75, 75, 65, மொத்தம் 215. மூவரில் இருவர் இரண்டாவது சிறுமியே மேல் என்று நினைத்தும் வெல்வது முதல் சிறுமி. ஒரே ஒரு நடுவரின் ‘முதலாவது’ மற்ற இருவரின் தீர்ப்பையும் தாண்டுகிறது. ஒரு நடுவரை மட்டும் வசப்படுத்தினால் போதும் என்ற நிலை இந்த அட்டவணையிலேயே இருக்கிறது.

2022 அக்டோபரில் அந்தப் பலவீனம் உலகச் செய்தியானது. தங்கள் மாணவர்களுக்கு இடம் கேட்டு ஆசிரியர்கள் நடுவர்களுக்கு அனுப்பியதாகச் சொல்லப்பட்ட கைப்பேசிச் செய்திகள் வெளியாயின. அந்த ஆண்டு ஜூலையிலேயே தன்னிடம் குற்றச்சாட்டுகள் வந்திருந்ததாக ஆணையம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஒருவரிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. பலர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாயினர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நடுவரும் யாருக்கு எவ்வளவு போட்டார் என்பது அறிவிக்கப்படுகிறது. எண்கள் வெளிப்படையாக இருந்தும் குற்றச்சாட்டு எழுந்தது. ஏனென்றால் இன்று நடுவராக உட்காருகிறவர் நேற்று ஆசிரியர். நாளை அவருடைய மாணவி இன்றைய போட்டியாளரின் ஆசிரியர் முன்னால் ஆடுவாள். தன் மாணவரை மதிப்பிடக் கூடாது என்ற விதி உண்டு. கைமாற்றாகச் செய்யும் உதவியை அந்த விதி தொடுவதில்லை.

கேரளத்தில் போட்டியாளரின் பெயரும் மாவட்டமும் நடுவருக்குத் தெரியாதபடி குலுக்கலில் கோடு எண் கொடுக்கிறார்கள். ஆனால் நடனத்தில் முகத்தை மறைத்தாலும் பாணியை மறைக்க முடியாது. இன்ன ஆசிரியரின் அரைமண்டி, இன்ன ஆசிரியர் எடுக்கும் தீர்மானம் என்று அந்த வட்டத்தில் இருப்பவர்களுக்குச் சில நொடிகளில் தெரிந்துவிடும். ஒரே ஆசிரியரின் மாணவர்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து ஆடுவதும் உண்டு. இது யாருடைய தனிப்பட்ட குற்றமும் இல்லை. சிறிய கலை உலகங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு. அந்த இயல்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு விதி வகுப்பதற்குப் பதிலாக, இல்லை என்று நடித்து விதி வகுக்கும்போதுதான் சந்தேகம் எல்லோர் மேலும் படிகிறது. நேர்மையான நடுவர் மேலும்.

2024 மார்ச்சில் கேரளப் பல்கலைக்கழகத்தின் இளைஞர் விழாவில் அத்தகைய சந்தேகம் வெடித்தது. மார்க்கம்களி என்ற குழு நடனப் போட்டியின் முடிவைப் பற்றிக் கையூட்டுப் புகார் எழுந்து விழாவே நிறுத்தப்பட்டது. நடுவர் ஒருவரும் பயிற்சியாளர்கள் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். பிணையில் வீடு திரும்பிய நடுவர் சில நாட்களில் இறந்து கிடந்தார். தான் பணம் வாங்கவில்லை என்று எழுதி வைத்திருந்தார். எது உண்மை என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் அவர் ஏன் அந்த மதிப்பெண்களைப் போட்டார் என்பதற்கு ஒவ்வொரு அணிக்கும் எதிரே அவரே எழுதிய இரண்டு வரிக் காரணம் இருந்திருந்தால், அவரைக் குற்றம் சாட்டியவர்களுக்கும் அவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். வெறும் எண் யாரையும் காப்பாற்றாது.

இதில் கலைக்கு நேர்வதையும் பார்க்க வேண்டும். பரதநாட்டிய மார்க்கத்தில் ஒரு வர்ணம் மட்டுமே அரை மணிக்கும் மேல் போகும். கலோத்சவ மேடையில் பரதத்துக்கு மொத்தம் பத்து நிமிடம். அதற்குள் தாளம், அடவு, முத்திரை, அபிநயம் எல்லாவற்றிலும் மதிப்பெண் வாங்கியாக வேண்டும் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? வேகமான ஜதி, சிலைபோல் நின்று காட்டும் தோற்றங்கள், அசுரவதம், கண்ணீர், மீண்டும் ஜதி. போட்டிக்காகவே பிறந்த ஓர் உருப்படி வகை இப்படித்தான் உருவானது. இதை ஆடும் குழந்தைகளின் உழைப்பையும் உடல் துல்லியத்தையும் யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒரு பதத்தின் முதல் வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறொரு மனநிலையைச் சொல்லும் பொறுமை அந்தப் பத்து நிமிடத்தில் வளர வழியில்லை. எதற்கு மதிப்பெண் என்று தாளில் எழுதுகிறோமோ அதுவாகவே கலை மாறுகிறது. அயர்லாந்திலும் விக், படிகக் கற்கள் பதித்த உடை என்று செலவு ஏறி, கடைசியில் 10 வயதுக்கு உட்பட்டோர் ஒப்பனையே போடக் கூடாது என்று விதி வைக்க வேண்டி வந்தது.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1973 முதல் நடக்கும் பாலே போட்டி இந்த விஷயத்தில் வேறொரு வழியில் போகிறது. 15 முதல் 18 வயதுள்ளவர்கள் ஒரு வாரம் தங்குகிறார்கள். நடுவர்கள் அவர்களை மேடையில் மட்டுமல்லாமல் வகுப்பறையிலும் பார்க்கிறார்கள். புதிதாகச் சொல்லப்படும் திருத்தத்தை அந்தப் பிள்ளை எப்படி உள்வாங்குகிறது என்பதும் மதிப்பீட்டில் சேர்கிறது. உடல்நலப் பரிசோதனை கட்டாயம். ஆபத்தான அளவுக்கு மெலிந்தவர்கள் ஆட முடியாது. இறுதிக்கு வராதவர்களையும் பள்ளிகளும் நடனக் குழுக்களும் சந்தித்துப் பேச ஏற்பாடு உண்டு. பணக்கார நாட்டின் சிறிய போட்டி. 249 போட்டிகள் கொண்ட கலோத்சவத்தில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் மாவட்ட அளவில், தனிநடனங்களில் மட்டுமாவது, மனப்பாடமான உருப்படி முடிந்ததும் நடுவர் ஒரு தாளத்தைப் போட்டு ‘இதற்கு ஓர் அடவுக் கோர்வை ஆடு’ என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். யார் கற்றிருக்கிறார்கள், யார் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். பணம் செலவழித்து வாங்கிய நடன அமைப்பின் அனுகூலமும் அந்த ஐந்து நிமிடத்தில் கரைந்துபோகும்.

2025 விழாவில் இன்னொரு கேள்வியும் மேடை ஏறியது. மங்கலம்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலபுலய ஆட்டம் என்று ஐந்து பழங்குடி ஆட்டங்கள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. இருளர் அட்டப்பாடியிலும், பளியரும் மலைப்புலையரும் இடுக்கி மலைகளிலும் வாழ்பவர்கள். மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் இருளரும் பளியரும் உண்டு. இந்த ஆட்டங்களுக்கு மேடை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஊர் கூடி வட்டமாக ஆடும், தொடக்கமும் முடிவும் கடிகாரத்தில் இல்லாத ஓர் ஆட்டத்துக்கு நேர விதி வைத்து, பார்வையாளரை நோக்கி முகம் திருப்பி, சீருடைபோல் ஆடை மாட்டி ஆட வைக்கும்போது, நடுவர் எதை வைத்து எடை போடுவார்? வரிசை ஒழுங்கை வைத்துத்தான் போட முடியும். வரிசை ஒழுங்கு அந்த ஆட்டத்தின் அழகாக இருந்ததே இல்லை. அந்தந்தச் சமூகத்தின் மூத்த ஆட்டக்காரர்கள் நடுவர் நாற்காலியில் பெரும்பான்மையாக உட்காருவதும், மதிப்பீட்டுத் தாளை அவர்களே எழுதுவதும் இதில் குறைந்தபட்சத் தேவை. இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் போட்டிக்கான பளிய நிருத்தம் ஒன்று தனியாக உருவாகி, பளியர் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பயிற்சி வகுப்பில் கட்டணம் கொடுத்துக் கற்க வேண்டி வரும்.

நம் மாநிலத்துக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி இல்லை. 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாடு அரசு பள்ளிகளில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அதே நான்கு படிகள். மாநிலத்தில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பறையும் கரகமும் பரதமும் ஒரே விழாவில் ஆடுவது பெரிய காரியம். இதுவரை நிகழ்கலைக் குடும்பத்துக் குழந்தைகள் பள்ளியில் மறைத்து வைத்திருந்த திறமை அவர்களுக்கே மதிப்பைத் தேடித் தரும் இடமாக அது ஆகியிருக்கிறது. கலாதிலகத்தைக் கேரளம் இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு கைவிட்ட நிலையில் நாம் கலையரசியில் தொடங்கியிருக்கிறோம். நம் விழா இன்னும் இளையது. பயிற்சி வகுப்புகளும் போட்டிக்கான உருப்படிகளும் அப்பீல் வழக்கறிஞர்களும் இன்னும் அதைச் சுற்றி முளைக்கவில்லை. விதியை மாற்ற இதுதான் எளிதான காலம்.

மாற்றம் வட்டாரப் போட்டியில் தொடங்க வேண்டும், ஏனென்றால் மிக அதிகமான பிள்ளைகள் வெளியேறுவது அங்கேதான். நடுவர் மூவரில் ஒருவராவது வெளி மாவட்டத்தவராக இருக்கலாம். மூன்று தாள்களை அப்படியே கூட்டாமல், ஒவ்வொரு நடுவரின் வரிசையையும் எடுத்துப் பெரும்பான்மை யாரை மேலே வைத்தது என்று பார்க்கலாம். அயர்லாந்தின் 25 புள்ளிப் பள்ளமும் வேண்டாம், கேரளத்தின் 80 விழுக்காட்டுக் கோடும் வேண்டாம். நடுவர் முன்பு யாரிடம் கற்றார், யாருக்கு இப்போது கற்பிக்கிறார் என்ற அறிவிப்பு நிகழ்ச்சிப் பலகையில் அவர் பெயருக்குக் கீழேயே இருக்கட்டும். நடுவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதட்டும்: ‘மூன்றாம் காலத்தில் தாளம் விட்டுப் போகிறது’, ‘கண் நன்றாகப் பேசுகிறது, முழங்கால் விரியவில்லை’ என்று. அந்தத் தாளை, வென்றாலும் தோற்றாலும், அன்று மாலையே அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பட்டும்.